லேப் அக்கா பதில்கள்: மூட்டிய கைலிக்குத் தலைப்பு ஏது?

சென்ற இதழில் வட்ட ஆர்என்ஏ பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகல்தான் ஆர்என்ஏ, அதில் முனையே இல்லாமல் வளையமாக மூடிக்கொண்ட வகை இது. அதற்கு ஒன்பது கடிதம். ஆகவே இந்த மாதம் முழுக்க அதுதான். மூட்டுவலிக்காரர்களும் சர்க்கரைக்காரர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்லை. பினாங்கில் ஒரு நோய்க்குறியியல் ஆய்வகத்தில் 31 ஆண்டு திசு வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகடு தகடாகப் பார்த்துவிட்டு, இப்போது ஜெலுத்தோங்கில் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

பட்டர்வொர்த் வாசகி: அக்கா, அப்பாவுக்கு வயது 61. மூன்று வருடத்துக்கு முன்னால் பெருங்குடலில் புற்றுநோய் என்று அறுவைச் சிகிச்சை நடந்தது. இப்போது நன்றாக இருக்கிறார். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ‘வட்ட ஆர்என்ஏ’ ரத்தப் பரிசோதனையாம். வயிறு, குடல், ஈரல், கணையம் எல்லாவற்றிலும் புற்றுநோய் வருவதை முன்கூட்டியே காட்டிவிடுமாம். விலை 1,900 மலேசிய வெள்ளி. அண்ணன் அப்பாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்துக் கட்டுகிறேன் என்கிறார். எனக்கு 34 வயது. எடுக்கலாமா?

தங்கச்சி, முதலில் அண்ணனைப் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

சொல்லியாச்சா? சரி.

வட்ட ஆர்என்ஏ புளுகு இல்லை. உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இந்த நிமிடம் ஆயிரக்கணக்கான வகை இருக்கிறது. மரபணுவில் எழுதியிருப்பதைச் செல் நகல் எடுக்கும்போது முதலில் நீளமான ஒரு ஆர்என்ஏ வரும். அதில் வேண்டாத பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு வேண்டிய துண்டுகளை வரிசையாகத் தைத்தால், புரதம் செய்வதற்கான செய்தி தயார். வேண்டிய துண்டுக்கு எக்ஸான், வெட்டி எறிவதற்கு இன்ட்ரான் என்று பெயர். வழக்கமாக ஒரு துண்டின் வால் அடுத்த துண்டின் தலையோடு சேரும். சில சமயம் அந்த வால் திரும்பி வந்து அதே துண்டின் தலையிலோ, தனக்கு முன்னால் இருக்கிற துண்டின் தலையிலோ ஒட்டிக்கொள்ளும். அப்போது வட்டமாகிவிடும்.

நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் வேட்டியும் கைலியும். வேட்டிக்கு இரண்டு தலைப்பு உண்டு. கைலியைக் கடையில் வாங்கி மூட்டக் கொடுக்கிறோம் இல்லையா, மூட்டிய பிறகு அதற்குத் தலைப்பு ஏது? செல்லுக்குள் பழைய ஆர்என்ஏவைத் தின்று தீர்க்கும் நொதிகளில் பல, தலைப்பைப் பிடித்துத்தான் நூலை உருவ ஆரம்பிக்கும். தலைப்பே இல்லாததை எங்கே பிடிக்கும்? அதனால் நீள ஆர்என்ஏ சில மணி நேரத்தில் காணாமல் போகும்போது, வட்ட ஆர்என்ஏ பல 48 மணி நேரம் தாண்டியும் நிற்கும். ஆய்வகத்தில் இதையே சோதனையாக்கிவிட்டார்கள். ஆர்என்ஏஸ் ஆர் என்றொரு நொதியைக் குழாயில் விட்டால் வேட்டியெல்லாம் போய்க் கைலி மட்டும் மிஞ்சும். பிறகு மூட்டின தையலைத் தேடுவார்கள். அந்தத் தையல் நீள ஆர்என்ஏவில் இருக்காது, அதுதான் அடையாளம்.

ஆர்என்ஏ எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு வாரம் பாடுபட்டுப் பிரித்தெடுத்த பன்னிரண்டு குழாய் ஆர்என்ஏ ஐஸில் இருந்தது. தொலைபேசி அடித்தது, கையுறையைக் கழற்றிப் பேசினேன், திரும்பி வந்து வெறும் கையால் மூடிகளைத் திறந்தேன். அவ்வளவுதான். நம் வியர்வையிலும் தோலிலும் ஆர்என்ஏவை வெட்டும் நொதி இருக்கிறது. மறுநாள் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் பட்டையாகத் தெரிய வேண்டியது அடியில் புகைமூட்டமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. மேலதிகாரி திட்டக்கூட இல்லை. ஜெல் படத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் பசியாறப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

இப்படிப்பட்ட பொருளில் ஒரு வகை மட்டும் ரத்தத்தில் மிதந்தும் தாக்குப்பிடிக்கிறது என்றால் ஆராய்ச்சியாளர்கள் துள்ளாமல் என்ன செய்வார்கள்? செல்கள் வெளியே துப்பும் எக்ஸோசோம் என்ற நுண்ணிய பைகளில் வட்ட ஆர்என்ஏ நிறைய இருப்பதை 2015-ல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெருங்குடல் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் அதன் கலவை, நோயில்லாதவர்களுடையதைவிட வேறுபட்டிருந்தது. அதற்குப் பிறகு இரைப்பை, ஈரல், கணையம், உணவுக்குழாய் என்று கட்டுரைகள் மழையாகக் கொட்டின.

கட்டுரை வேறு, பரிசோதனை வேறு. ஐம்பது நோயாளியையும் ஐம்பது நலமானவரையும் பிரித்துக் காட்டுவது முதல் படிதான். தெருவில் போகிற பத்தாயிரம் பேரில் நோயுள்ள முப்பது பேரைச் சரியாகப் பிடித்து, மற்றவர்களை வீணாகப் பயமுறுத்தாமல் விடுவதுதான் பரிசோதனை. அந்தப் படியை வட்ட ஆர்என்ஏ இன்னும் ஏறவில்லை. குடல் புற்றுநோயைத் தேடும் எந்த மருத்துவ வழிகாட்டு நெறியிலும் அது இடம்பெறவில்லை. ரத்தத்தில் தேடும் சோதனையே இல்லையா என்று கேட்டால், உண்டு. அமெரிக்காவில் 2024 ஜூலையில் ஷீல்டு என்ற ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். அது பார்ப்பது டிஎன்ஏவை. அதுவும் குடல் புற்றுநோயில் 83 விழுக்காட்டைப் பிடித்தது. ஆனால் குடலின் உட்சுவரில் முளைத்து, புற்றாக மாறக் காத்திருக்கும் பெரிய சதை முளைகளில், அதாவது பாலிப்புகளில், 13 விழுக்காட்டைத்தான் பிடித்தது. பாலிப்பில் பிடித்தால்தானே அங்கேயே வெட்டி எறியலாம்?

அப்பாவுக்கு வேண்டியது அவருடைய அறுவை மருத்துவர் எழுதிக்கொடுத்த தேதிகள். சிஇஏ ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலனோஸ்கோப்பி (கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பது). சிஇஏ என்பது குடல் புற்றுக்கட்டிகள் பல ரத்தத்தில் விடும் ஒரு புரதம், 1965-ல் கண்டுபிடித்த பழைய சரக்கு. புகை பிடிக்கிறவர்களுக்குக்கூட ஏறும், ஆகவே புதிதாக நோய் தேட உதவாது. ஆனால் ஏற்கெனவே நோய் கண்டவருக்குத் திரும்பி வருகிறதா என்று காவல் பார்க்க அது போதும். உங்களுக்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை, கொலனோஸ்கோப்பிதான். 40 வயதிலோ, அப்பாவுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்துகிறதோ அப்போது. அப்பாவுக்கு நோய் தெரிந்தது 58-ல் என்றால் பத்து கழித்து 48, அதற்கு 40 முந்துகிறது, ஆகவே உங்களுக்கு 40. குடும்பத்தில் இன்னும் யாருக்காவது குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் கணக்கே வேறு. அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அண்ணனுக்கும் இதே கணக்குதான். வாட்ஸ்அப் பார்க்கிற நேரத்தில் அவர் தன் வயதை எண்ணிப் பார்க்கட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ், ஆறாம் படிவ மாணவர்: ஆன்ட்டி, இந்த வட்ட ஆர்என்ஏவை முதலில் கண்டுபிடித்தது யார்? புற்றுநோய்க்கும் இதற்கும் முடிச்சு எப்போது விழுந்தது?

தம்பி, முதலில் அகப்பட்டது மனித உடம்பில் இல்லை, செடியில். உருளைக்கிழங்கைச் சூம்பவைக்கும் வைராய்டு என்ற நோய்க்கிருமி உண்டு. அது வெறும் வட்ட ஆர்என்ஏதான், உறைகூடக் கிடையாது. அது மூடிய வட்டம் என்பது 1976-ல் தெரியவந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று பிலிப்பீன்ஸில் கோடிக்கணக்கான தென்னையைச் சாய்த்தது. அதன் உறவுக்காரன் நம் மலேசியச் செம்பனை மட்டைகளில் ஆரஞ்சுப் புள்ளி விழுந்த மரங்களிலும் இருப்பதை 2006-ல் பதிவு செய்தார்கள். உன் தாத்தா தோட்டத்தில் இருந்தவர் என்றால் அவர் கண்ணில்கூட அது பட்டிருக்கலாம். வைராய்டு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், “உரம் பத்தலை” என்றிருப்பார்கள்.

1979-ல் மனிதச் செல்லில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக வட்டங்களைப் பார்த்தார்கள். பார்த்ததோடு சரி.

உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழு பெருங்குடல் புற்றுநோயில் தொலைந்துபோகும் ஒரு மரபணுவைத் துருவிக்கொண்டிருந்தது. அதன் பெயர் டிசிசி. பெயரே ‘பெருங்குடல் புற்றில் நீங்கியது’ என்பதன் சுருக்கம்தான். 1991-ல் அந்த மரபணுவின் ஆர்என்ஏவில் எக்ஸான்கள் வரிசை மாறிக் கிடப்பதைப் பார்த்தார்கள். மூன்றுக்குப் பிறகு இரண்டு வருகிற மாதிரி. அளவு ரொம்பக் குறைவு. இப்படி வரிசை மாறியவை வட்டங்கள் என்பது அடுத்த இரண்டு ஆண்டில் வேறு மரபணுக்களில் தெளிவானது. அப்போது அதற்கு வைத்த பெயர் ‘தவறான தையல்’. ஆக இன்ன மனித மரபணுவிலிருந்து வந்தது என்று தெரிந்து இது முதலில் தலைகாட்டிய இடமே குடல் புற்றுநோய் ஆராய்ச்சிதான், ஆனால் யாரும் அதற்காகத் தேடிப் போகவில்லை.

அதற்குப் பிறகு இருபது ஆண்டு குப்பை என்று ஒதுக்கிவைத்தார்கள். அதற்கு ஒரு காரணம் சிரிப்பாக இருக்கும். ஆர்என்ஏ நான்கு வேதி எழுத்துகளால் ஆனது. நீள ஆர்என்ஏவின் வாலில் அவற்றில் ஒன்றான ஏ மட்டும் வரிசையாக இருக்கும். ஆய்வகங்களில் அந்த வாலைப் பிடித்துத்தான் ஆர்என்ஏவைத் தூக்குவோம். வட்டத்துக்கு வால் இல்லை. தூக்காததை எப்படி எண்ணுவது? 2012, 2013 வாக்கில் வாலைப் பிடிக்காமல் எல்லாவற்றையும் வாசித்தபோதுதான் ஆயிரக்கணக்கில் கொட்டியது. நானும் பல ஆண்டு வாலைப் பிடித்தே காலம் தள்ளியவள்தான்.

உயிரியல் படிக்கப் போகிறாய் என்றால் கணக்கைக் கைவிடாதே. இந்த வட்டங்களைக் கண்டுபிடித்தது பாதிக்கு மேல் கணினியில் உட்கார்ந்து எழுத்துகளை ஒப்பிட்டவர்கள்.

ஆயர் ஈத்தாம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: அம்மா, ஒரு கட்டுரையில் குடல் புற்றுநோயில் வட்ட ஆர்என்ஏ கூடுகிறது என்கிறார்கள். இன்னொன்றில் குறைகிறது என்கிறார்கள். எது சரி? விஞ்ஞானிகளே குழம்பினால் எங்களுக்கு என்ன வழி?

சார், வந்த கடிதங்களில் இதுதான் எனக்குப் பிடித்தது.

இரண்டும் சரி. மொத்தமாகப் பார்த்தால் குறைகிறது, சில குறிப்பிட்ட வட்டங்கள் மட்டும் கூடுகின்றன. மொத்தம் குறைவதற்கு 2015-ல் வியன்னா ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் எளிமையானது. வட்டங்கள் சீக்கிரம் அழியாததால், நிதானமாக வாழும் செல்லில் அவை மெல்ல மெல்லச் சேரும். புற்றுச் செல்லோ ஓயாமல் பிளக்கிறது. ஒவ்வொரு தடவை பிளக்கும்போதும் சேர்த்துவைத்தது இரண்டு பங்காகப் பிரிகிறது. ஒரு குவளை மோரில் வருகிற ஒவ்வொருவருக்கும் தண்ணீர் ஊற்றி நீட்டினால் கடைசி ஆளுக்கு என்ன கிடைக்கும்?

கூடுகிற வட்டங்களின் கதை இன்னும் சுவையானது. மைக்ரோ ஆர்என்ஏ என்று சுமார் 22 எழுத்தே உள்ள குட்டி ஆர்என்ஏ உண்டு. 2024 நோபல் பரிசு அதைக் கண்டுபிடித்த ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும்தான். அது மரபணுச் செய்திகளின் வாயை அடைக்கும். சிஐஆர்எஸ்-7 என்ற வட்டத்தில் மிர்-7 என்னும் மைக்ரோ ஆர்என்ஏ ஒட்டிக்கொள்ள 70-க்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு என்று 2013-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்திலும் ஜெர்மனியிலும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். சௌராஸ்டா சந்தை மீன் கடையில் ஈ ஒட்டும் தாள் தொங்குமே, அதுபோல. மிர்-7 வளர்ச்சிக்குத் தடை போடுகிறது. தடை போடுகிறவன் தாளில் ஒட்டிக்கொண்டால் வளர்ச்சி கட்டவிழும். 2017-ல் சிஐஆர்எஸ்-7 அதிகமுள்ள குடல் புற்றுக் கட்டிக்காரர்கள் சீக்கிரம் இறப்பதாக ஒரு ஆய்வும் வந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான், வழக்கு முடிந்தது என்றே தோன்றியது.

2020-ல் அதே ஆர்ஹுஸ் ஆட்கள், ஈ ஒட்டும் தாள் என்று முதலில் சொன்னவர்களும் கூட இருக்க, கட்டியை அரைக்காமல் தகட்டில் வைத்து, சிஐஆர்எஸ்-7 எந்தச் செல்லில் இருக்கிறது என்று சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். புற்றுச் செல்லில் அது இல்லை. சுற்றியுள்ள இணைப்புத் திசுவின் செல்களில்தான் இருந்தது.

இதைப் படித்த அன்று நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். குடல் புற்றுத் தகட்டை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறீர்களா? ஊதாநிறச் செல்கள் வளைவு வளைவாகச் சுரப்பிகளைப் போல அடுக்கி நிற்கும், நடுவில் அழுக்கும் செத்த செல்லும் கிடக்கும். ஆனால் தகட்டில் பெரும் பகுதி இளஞ்சிவப்பாக ஓடுகிற நார்த் திசுவாக இருக்கிற நாளும் உண்டு. கட்டி என்று வெட்டி எடுத்து அரைத்தால் இரண்டும் சேர்ந்துதான் அரைபடும். அம்மியில் அரைத்த சட்னியை ருசித்துவிட்டு உப்பு தேங்காயிலிருந்து வந்ததா மிளகாயிலிருந்து வந்ததா என்று கேட்கிற கதை. சிஐஆர்எஸ்-7 அதிகமுள்ள கட்டி என்றால் நார்த் திசு அதிகமுள்ள கட்டி என்று மட்டுமே பொருளாக இருக்கலாம். அப்படிப்பட்ட கட்டிகள் பொல்லாதவை என்பது எங்களுக்குப் பழைய செய்தி. முன்பு இளையவர்கள் எங்களைப் பார்த்து “இன்னும் சாயம்தானா ஆன்ட்டி?” என்பார்கள். ஆமாம், இன்னும் சாயம்தான்.

இன்னொரு குறையும் உண்டு. 70 இடம் உள்ள சிஐஆர்எஸ்-7 விதிவிலக்கு. மற்ற வட்டங்களில் பெரும்பாலானவற்றில் ஒன்றிரண்டு இடமே இருக்கும், ஒரு செல்லுக்கு ஒரு சில பிரதிதான் கிடைக்கும். இரண்டு ஈ ஒட்டுகிற தாளை வைத்துச் சந்தை முழுக்க ஈயே இல்லை என்றால் நம்புவீர்களா? எல்லா வட்டத்துக்கும் இதே கதையை எழுதுகிற கட்டுரையைப் பார்த்தால் நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். வேறு வழியில் வேலை செய்கிறவையும் உண்டு. குடல் புற்று ஈரலுக்குப் பரவும்போது கூடுவதாக 2019-ல் சீனாவில் கண்ட சர்க்-என்எஸ்யுஎன்2, ஒரு புரதத்தோடு சேர்ந்து இன்னொரு மரபணுச் செய்தி கெடாமல் பார்த்துக்கொள்கிறது. அதை எனக்கு நம்பத் தோன்றுகிறது. வேறு ஆய்வகங்களும் செய்து பார்க்கட்டும்.

ஆகவே சார், குழம்புகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். சொன்னவரே திரும்பிப் போய்ச் சரிபார்த்துத் திருத்தினார். நம் கோயில் கமிட்டிக் கணக்கில் அப்படி நடந்து பார்த்திருக்கிறீர்களா?

செந்தூல் வாசகர்: எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது. ஈரல் புற்றுநோயில் வட்ட ஆர்என்ஏ குறைந்தால் ஆபத்து என்று படித்தேன். மருந்தாக ஊசி போடுவார்களா?

நீங்கள் படித்தது சர்க்-எம்டிஓ1 ஆக இருக்கும். ஈரல் புற்றில் அது குறைந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள் என்று 2017-ல் எழுதினார்கள். ஊசி எதுவும் கைக்கு வரவில்லை. உங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் அல்ட்ராசவுண்டும், ஈரல் கட்டியைத் தேடும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும் தேவையா, மாத்திரை தொடங்க வேண்டுமா என்று ஈரல் மருத்துவரிடம் கேளுங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனே தடுப்பூசி போட்டிருப்பார்கள், 1989 முதல் இந்த நாட்டில் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. மனைவிக்குப் போட்டாயிற்றா?

பெயர் வேண்டாம் என்றவர்: வட்ட ஆர்என்ஏ கூட என்ன சாப்பிடலாம்?

எதுவும் இல்லை. கீரை சாப்பிடுங்கள், குடலுக்கு நல்லது. வட்டத்துக்காக இல்லை.

பாயான் லெப்பாஸ், தொழிற்சாலை ஊழியர், 53 வயது: அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையத்தில்) மலப் பரிசோதனை கொடுத்தேன். ரத்தம் இருக்கிறது என்று வந்துவிட்டது. எனக்கு ஏற்கெனவே மூலம் உண்டு, அதனால்தான் இருக்கும். கொலனோஸ்கோப்பி என்றதும் பயமாக இருக்கிறது. நீங்கள் சொல்லும் அந்த வட்டப் பரிசோதனை வரும்வரை காத்திருக்கலாமா?

தம்பி, வேண்டாம்.

50 முதல் 75 வயதுவரை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் அந்தச் சின்னப் போத்தலை ஏளனமாக நினைக்காதீர்கள். மூடியோடு ஒரு குச்சி இருந்ததே, அதில் வரி வரியாகப் பள்ளம் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளத்தில் தங்கிய அளவே போதும். மனித ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை மட்டும் அதன் எதிர்ப்பொருள் பிடிக்கும். முந்தின நாள் ஆட்டுக்கறி சாப்பிட்டிருந்தாலும் ஏமாறாது. பழைய சோதனை ஏமாறும்.

மூலமாகவும் இருக்கலாம். என் பெரியண்ணனும் அப்படித்தான் நினைத்தார். எட்டு மாதம் துத்திக் கீரை வதக்கிச் சாப்பிட்டார், தினமும் மலம் கறுத்துப் போவதை என்னிடம் சொல்லவில்லை. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தங்கையிடம் மலத்தைப் பற்றிப் பேச வெட்கம். அவருடைய தகட்டை எங்கள் ஆய்வகத்திலேயே வெட்டினார்கள். அன்று என்னை வேறு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். மூலம் இருக்கிறவருக்குக் குடலில் கட்டி வராது என்று ஒரு விதியும் இல்லை. உள்ளே பார்த்தால்தான் தெரியும். பாலிப் இருந்தால் அந்தக் குழாய் வழியாகவே கம்பி வளையத்தைப் போட்டு எடுத்துவிடுவார்கள். பாலிப் புற்றாகப் பெரும்பாலும் பத்தாண்டுபோல ஆகும், ஆனால் உங்களுக்கு அதில் எத்தனை ஆண்டு கழிந்தது என்று யாருக்குத் தெரியும்?

பயம் குழாயைப் பற்றி என்றால், மயக்க ஊசி போடுவார்கள், பாதி தூக்கத்தில் முடிந்துவிடும். உண்மையில் சிரமம் முந்தின நாள்தான். குடலைக் கழுவும் மருந்துத் தூளைத் தண்ணீரில் கலந்து லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். குளிரவைத்துக் குடித்தால் கொஞ்சம் இறங்கும். கழிப்பறையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் முன்பே கொய்யா, டிராகன் பழம், எள் மாதிரி விதையுள்ளதை நிறுத்துங்கள், குழாயின் கண்ணில் வந்து ஒட்டும். ரத்தம் உறையாமல் இருக்கவோ இரும்புச்சத்துக்கோ மாத்திரை சாப்பிட்டால் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முந்தின நாள் தெளிந்த திரவம் மட்டும். ரசம் என்றால் நன்றாக வடிகட்டி, தெளிவு மட்டும். கொப்பி ஓ குடிக்கலாம், பால் கூடாது. சிவப்பு ரோஜா சிராப் வேண்டாம், அந்தச் சிவப்பு குடலுக்குள் ரத்தம் மாதிரியே தெரியும். பண்டோங் கேட்கவே வேண்டாம், அதில் பாலும் உண்டு, சிவப்பும் உண்டு.